கொட்டிவாக்கத்தில் திரும்பிப் போன ஆமை: விளக்கு, வலை, அடும்பு

கிழக்குவாசல் | 19 ஜனவரி 2025, காலை 8:12

சென்னை கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்த அடுக்குமாடி ஒன்றில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். விடியற்காலையில் மணலில் நடப்பது வழக்கம். இந்தப் பொங்கல் லீவில் நாலு நாள் நடந்தேன். செத்து ஒதுங்கிய ஆமைகள் பதினொன்று எண்ணினேன். கண் பிதுங்கி, கழுத்து உப்பிக் கிடந்தன. ஒன்றின் ஓட்டின் மேல் யாரோ ஒரு பிடி வேப்பிலையும் ரெண்டு சாமந்தியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்று பார்த்தது வேறு. டிராக்டர் டயர் ஏறிப்போன மாதிரி ஒரு தடம். தண்ணீரிலிருந்து நேராக மேலே வந்து, எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு இருபது அடி இருக்கும்போது வளைந்து, திரும்பக் கடலுக்கே போய்விட்டது. குழி இல்லை, மணல் கலைந்த அடையாளமும் இல்லை. அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "முட்டை விடத்தான் வந்துது. லைட்டைப் பாத்துட்டுத் திரும்பிடுச்சு" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில் கடலைப் பார்த்து வைத்திருக்கும் ஃபோகஸ் லைட், விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது. மாதாமாதம் அதற்குக் கரண்ட் பில் நானும்தான் கட்டுகிறேன்.

விளக்குதான் காரணமா? இத்தனை ஆமைகள் ஏன் சாகின்றன? குடியிருக்கிற நாங்கள் என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுநடை | 19 ஜனவரி, காலை 9:47

பெரியவர் சொன்னது சரி. கரை ஏறிவிட்டு முட்டை விடாமல் திரும்பினால் எங்கள் நோட்டில் 'வெறும் தடம்' என்று எழுதிக்கொள்வோம். வெளிச்சம், ஆள் நடமாட்டம், நாய் என்று எதைக் கண்டாலும் அது திரும்பிவிடும். ஒரேயடியாகப் போய்விடாது. வயிற்றில் நூறு முட்டைக்கு மேல் இருக்கிறது, விட்டே ஆக வேண்டும். அன்றோ மறுநாளோ பக்கத்தில் வேறு இடம் தேடும். ஆனால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இருட்டான மணல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஒருநாள் இரவு நடந்து பாருங்கள்.

நீங்கள் பார்த்தது பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி) தடம். நான் ஒன்பது சீசனாக ராத்திரியில் ஆமைக்குழி தேடி நடக்கிறேன். சென்னையில் இந்த நடை பழையது. 1970களிலேயே பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கரும் கூட இருந்தவர்களும் இந்த மணலில் ஆமைக்குழி தேடியிருக்கிறார்கள். 1988இல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கியது. சீசன் வந்தால் இன்றும் நடக்கிறார்கள். 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே ஆமைப் பாதுகாவலர்களாகச் சேர்த்தது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது.

நேற்று இரவு இரண்டரை மணி, திருவான்மியூர் தாண்டி ஒரு தடம். இன்னும் ஈரம் காயவில்லை. மேலே ஓர் இடத்தில் மணல் வட்டமாகக் கலைந்து, மேற்பரப்பு தட்டி இறுக்கியிருந்தது. முட்டை விட்டு மூடிய பிறகு ஆமை தன் உடம்பையே இப்படியும் அப்படியும் சாய்த்துத் தட்டும், அந்த அடையாளம். குச்சியை மெதுவாக அழுத்திக்கொண்டே போனோம். சுற்றிலும் மணல் கெட்டியாக இருக்கும், முட்டைக்குழிக்கு மேலே மட்டும் குச்சி வழுக்கி இறங்கும். அங்கே குச்சியைப் போட்டுவிட்டுக் கையால்தான் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழம், பானை மாதிரி வாய் குறுகி வயிறு அகன்ற குழி. முதல் முட்டை விரலில் பட்டபோது ஈரமாக, டேபிள் டென்னிஸ் பந்து அளவில், அழுத்தினால் கொஞ்சம் அமுங்குவதாக இருந்தது. 118 எண்ணினோம். புரட்டாமல் துணிப்பையில் வைத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். விடிவதற்குள் முடித்தாக வேண்டும். சில மணி நேரம் போய்விட்டால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அசைத்தால் செத்துவிடும்.

உங்கள் ஃபோகஸ் லைட்டைக் கடல் பக்கம் அணைக்கச் சொல்லுங்கள். முதல் வேலை அதுதான்.

கேள்விக்குறி | 19 ஜனவரி, பகல் 1:05

கோபித்துக்கொள்ள வேண்டாம். இயற்கை தன் பாட்டுக்கு நடக்கட்டும் என்று விடாமல் ஏன் முட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும்? மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பதே முடிவாகும் என்று படித்திருக்கிறேன். இடம் மாற்றினால் அந்தக் கணக்கும் மாறாதா?

இரவுநடை | 19 ஜனவரி, பகல் 2:30

மாறும். நல்ல கேள்வி, எங்களுக்குள்ளேயும் இதைப் பற்றிப் பேசுவோம். சுமார் 29 டிகிரியை ஒட்டித்தான் அந்தக் கோடு. அதற்கு மேலே போகப் போகப் பெண் அதிகம், கீழே வந்தால் ஆண் அதிகம். பங்குனி வெயிலில் பொரிப்பகத்தின் மேல் நிழல் வலை கட்டுவது அதனால்தான். ஆள் இல்லாத கடற்கரையாக இருந்தால் முட்டையைத் தொடவே கூடாது என்பதுதான் என் கட்சி. இங்கே விட்டுவிட்டால் முதல் இரவே நாய் தோண்டிவிடும். நாயிடம் தப்பிப் பொரிந்தாலும் குஞ்சுகள் ரோட்டைப் பார்த்துப் போகும். குஞ்சுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: தாழ்வாக, அதிக வெளிச்சமாக இருக்கும் பக்கம் போவது. ஆதியிலிருந்து அது கடல் பக்கம்தான் இருந்தது. இப்போது ஈசிஆர் பக்கம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் தவறவிட்ட ஒரு குழியின் குஞ்சுகளைக் காலையில் டீக்கடை வாசலில் பொறுக்கினேன், நசுங்கினது போக.

பொரிப்பகம் என்பது ஆஸ்பத்திரி மாதிரி. அது இருக்கிறது என்பதற்காக ஊரே நோயாகக் கிடக்கலாம் என்று ஆகிவிடாது.

ஃபைபர்போட்டு | 19 ஜனவரி, இரவு 9:20

செத்த ஆமை பற்றி நான் சொல்கிறேன். நாங்கள் கரையோரம் ஃபைபர் போட்டில் வலை போடுகிறவர்கள். ஆமை மீன் இல்லை, அதற்கு மூச்சு வேண்டும், மேலே வந்துதான் மூச்சு விடும். ஜனவரி, பிப்ரவரியில் கரைக்குப் பக்கத்திலேயே கூட்டமாகக் கிடக்கும். அந்த நேரத்தில் விசைப்படகு கிட்டே வந்து மணிக்கணக்கில் மடி, அதாவது இழுவை வலை, இழுத்தால் உள்ளே மாட்டியது மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும். கண் பிதுங்கிக் கிடப்பது அதனால்தான். 5 கடல் மைலுக்குள் இழுவை வலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. கரையில் நின்றாலே படகின் விளக்கு தெரிகிறது, எத்தனை மைல் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு, மறைக்க மாட்டேன். திருக்கை வலையில் ஆமை மாட்டும். கண்ணி பெரிது, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடக்கும். எங்கள் குப்பத்தில் சீசனில் அதைப் போடுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறோம். எல்லாக் குப்பத்திலும் அப்படி இல்லை.

இன்னொரு விஷயம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் தள்ளிவிடக் கூடாது. மயக்கமாக இருக்கும். குப்புற வைத்து, பின்பக்கத்தை ஒரு ஜாண் உயர்த்தி, ஈரச் சாக்கு போட்டு விட்டுவிட வேண்டும். நுரையீரலில் இருக்கிற தண்ணீர் வடியும். சிலது ஒரு மணி நேரத்தில் தலையைத் தூக்கும், சிலதுக்கு ராத்திரி முழுக்க ஆகும். போன வருடம் என் மச்சான் போட்டில் விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கிப் போட்டது பதினொரு மணிக்குக் கண் திறந்தது. மயக்கத்தோடு தள்ளியிருந்தால் மூழ்கியிருக்கும்.

காசிமேட்டு_மகன் | 20 ஜனவரி, காலை 7:15

என் அப்பா முப்பது வருடம் விசைப்படகு ஓட்டினவர். ஃபைபர்போட்டு அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் எங்களைக் கொலைகாரர்கள் என்று ஊரெல்லாம் எழுதும்போது வலிக்கிறது. ஆமை மடியில் வந்தால் எங்களுக்கு என்ன லாபம்? மடி கனத்து, வலை கிழிந்து, மேலே கிடக்கிற எடையில் கீழே இறால் நசுங்கும். யாரும் வேண்டுமென்று பிடிப்பதில்லை.

ஏன் கிட்டே வருகிறார்கள் என்றால் டீசல் விலை ஒன்று, கரையோரத்தில்தான் இறால் என்பது ஒன்று. தூரம் போய் வெறுங்கையோடு வந்தால் கடன்.

டெட் என்று ஆமை விலக்குக் கருவி இருக்கிறது. மடிக்குள் சாய்வாக ஒரு இரும்புக் கம்பித் தட்டி. இறால் கம்பி இடுக்கில் உள்ளே போய்விடும், ஆமை தட்டியில் மோதி மேலே சறுக்கி, அங்கே விட்டிருக்கும் வாய் வழியாக வெளியே போய்விடும். அப்பாவிடம் கேட்டேன். "ஆமை போற வாயில பெரிய மீனும் போயிடும்டா" என்றார். அதுதான் எல்லோருக்கும் பயம். அவர் சொன்ன அடுத்த விஷயத்தையும் எழுதுகிறேன்: டெட் இல்லாமல் பிடித்த கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, அதனால் இழக்கிற விலையைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பெரிய மீன் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஒருத்தன் மட்டும் மாட்டினால் நஷ்டம் அவனுக்கு மட்டும்தான். துறைமுகத்தில் எல்லாப் படகுக்கும் ஒரே நாளில் மாட்டிவிட்டு, முதல் இரண்டு வருட நஷ்டத்தில் அரசாங்கமும் பங்கு எடுத்தால் நடக்கும்.

ஃபைபர்போட்டு | 20 ஜனவரி, காலை 8:02

தம்பி, உங்கள் அப்பாவை மாதிரிப் பேசுகிறவர்கள் நாலு பேர் கூட்டத்தில் எழுந்து நின்றால் போதும். தடைக்காலத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு போகாது. மீன் குஞ்சு பெருகுவதற்கு வைத்த காலம் அது, வேண்டும்தான். ஆனால் ஆமை கரைக்கு வருவது அதற்கு முன்னால். தடை தொடங்கும்போது ஆமை வந்த வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். ஜனவரியில் ரோந்துப் படகு வேண்டும், ஏப்ரலில் வந்து என்ன செய்ய?

பசுமைப்பிரியை | 21 ஜனவரி, மாலை 6:40

எங்கள் தெருக் குழுவில் கடற்கரையோரம் மரம் நடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சவுக்கு வரிசையாக நட்டால் வெளிச்சமும் மறையும், ஆமைக்கும் நல்லதுதானே?

இரவுநடை | 21 ஜனவரி, இரவு 10:11

அக்கா, உங்கள் மனசு புரிகிறது, ஆனால் மணலில் நட வேண்டாம். கடற்கரை மணல் வெறும் பொட்டல் இல்லை, அப்படியே திறந்து கிடப்பதுதான் அதன் இயல்பு. 2004 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் சவுக்கை அலைக்கு வெகு கிட்டே கொண்டுவந்து நட்டார்கள். வேர் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஆமையால் குழி பறிக்க முடியாது. விழுந்த இலை மெத்தை மாதிரி மணலை மூடிவிடும்.

அங்கே ஏற்கெனவே இருக்க வேண்டியது அடும்புக் கொடியும் இராவணன் மீசையும். ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ, மணலில் ஓடிக்கொண்டே போகும், அதுதான் அடும்பு. காற்றில் பறக்கும் மணலை இந்த இரண்டும் பிடித்து மேடாக்கும். மணல்மேடு இருந்தால் பின்னால் இருக்கும் தெருவிளக்கு மறையும், புயலில் உங்கள் தெருவுக்கும் காப்பு. நகரக் கடற்கரையில் குப்பை சலிக்கும் இயந்திரம் ஓடுகிறது. பிளாஸ்டிக் எடுக்கட்டும், சந்தோஷம். ஆனால் கொடியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடுகிறது. மரம் நடும் ஆட்கள் உங்களிடம் இருக்கிறார்கள் என்றால், கொடி இருக்கும் இடத்தில் நாலு கழி நட்டுக் கயிறு கட்டி, வண்டியும் இயந்திரமும் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வடசென்னையில் ஆமை ஏன் ஏறுவதில்லை தெரியுமா? துறைமுகம் கட்டியபோது தெற்கிலிருந்து ஓடி வரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. தடுக்கக் கல் கொட்டினார்கள். இப்போது ஏறுவதற்கு மணலே இல்லை. தெற்கே மிச்சம் இருக்கிற இந்தக் கொஞ்ச தூரத்தை விட்டால் நகரத்துக்குள் வேறு இடம் கிடையாது.

நெய்தல்வாசகர் | 22 ஜனவரி, காலை 6:55

அடும்பு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அகநானூறு 160ஆம் பாட்டு, குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. நிறைசூல் ஆமை ஒன்று அடும்புக் கொடி சிதைய இழுத்துக்கொண்டு, வெள்ளை மணல்மேட்டின் பக்கம் முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. முட்டை யானைத் தந்தத்தில் கடைந்த வட்டுக்காய் போல இருக்கிறது, புலால் வாடை அடிக்கிறது என்கிறார். பொரிக்கும்வரை ஆண் ஆமை காவல் காக்கும் என்றும் வருகிறது. முப்பது வருடம் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒருநாள்கூட அந்த முட்டையை நேரில் பார்த்ததில்லை. நடையில் வயதானவர்கள் வரலாமா?

இரவுநடை | 22 ஜனவரி, காலை 7:30

ஐயா, கட்டாயம் வாருங்கள், மெதுவாகவே நடப்போம். ஆண் ஆமை கரைக்கே வராது, காவலும் இருக்காது. தாயும் மூடிவிட்டுப் போனால் திரும்பிப் பார்க்காது. ஆனால் அந்தப் புலால் வாடை சத்தியம். குழி இதுதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு பிடி மணலை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்ப்போம். முட்டையோடு வரும் ஈரத்தின் வாடை ஒன்று இருக்கும். அதை எழுதினவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

ஈசிஆர்_இரவுப்பணி | 22 ஜனவரி, இரவு 11:48

ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. நான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பன்னிரண்டரைக்கு கடற்கரைக்கு இணையான தெருவில் இறங்கி நடப்பவள். விளக்கை அணைக்கச் சொல்வது உங்களுக்குச் சுலபம். போன வருடம் நாலு நாள் விளக்கு எரியாதபோது பைக்கில் ஒருவன் பின்னாலேயே வந்தான். ஆமைக்காக நான் பயந்துகொண்டு நடக்க வேண்டுமா?

கிழக்குவாசல் | 23 ஜனவரி, காலை 6:20

வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரியே மொட்டைமாடிக்குப் போய் எந்த விளக்கு எங்கே விழுகிறது என்று பார்த்தேன். உங்கள் தெருவுக்கு வெளிச்சம் தருவது மேற்குப் பக்கத்து நாலு விளக்குகள். கடல் பக்கத்து ஃபோகஸ் லைட் யாரும் நடக்காத மணலிலும் தண்ணீரிலும்தான் விழுகிறது. அதை அணைத்தால் உங்களுக்கு ஒரு அடி வெளிச்சம்கூடக் குறையாது.

இரவுநடை | 23 ஜனவரி, காலை 7:05

அதேதான். தெருவிளக்குக்குத் தகடு வைத்துக் கீழே திருப்பினால் தெரு இன்னும் நன்றாகத் தெரியும், மணலுக்குப் போகாது. வெள்ளை பல்புக்குப் பதில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் என்றால் ஆமைக்கு அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. சகோதரி, உங்கள் தெருவில் எரியாத விளக்கு இருந்தால் எண் குறித்து அனுப்புங்கள், எங்கள் மனுவிலேயே அதையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

ஈசிஆர்_இரவுப்பணி | 23 ஜனவரி, பகல் 12:30

சரி. இரண்டு கம்பத்தில் எரியவில்லை. எண் அனுப்புகிறேன்.

கிழக்குவாசல் | 2 பிப்ரவரி, இரவு 9:15

ஜனவரி முடிவதற்குள் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் செத்து ஒதுங்கியவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்காக எடுத்திருக்கிறது. கடலில் நடப்பதை அவர்கள் பார்க்கட்டும். நான் எங்கள் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இன்று சங்கக் கூட்டம். ஒருமணி நேரம் ஓடியது. கடலைப் பார்க்கத்தான் இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினோம், இருட்டில் என்ன பார்ப்பது என்றார் ஒருவர். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பெரியவர் சொன்னார், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மாமியார் கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. அவர் எழுந்து, "அது நம்ம வீட்டுக்குள்ள வரலீங்க, நாமதான் அது வீட்டு வாசல்ல கட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முடிவு: ஃபோகஸ் லைட் ஏப்ரல் முடியும்வரை எரியாது. கடல் பக்கத்து பால்கனி விளக்குகளை இரவு பத்தரைக்கு மேல் அணைப்பது, இல்லாவிட்டால் திரைபோடுவது. முப்பத்தாறு வீட்டில் இருபத்தெட்டு வீடுகள் ஒத்துக்கொண்டன.

இரவுநடை | 12 பிப்ரவரி, காலை 5:50

கிழக்குவாசல், தூங்கிக்கொண்டிருப்பீர்கள், எழுந்ததும் படியுங்கள். இன்று அதிகாலை ஒன்றேமுக்காலுக்கு உங்கள் சுவருக்கு நாற்பது அடி தள்ளி ஒன்று ஏறியது. 104 முட்டை. தமிழ் ஐயா கூட இருந்தார். ஒரு முட்டையை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தோம், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழக்குவாசல் | 31 மார்ச், காலை 7:00

நேற்று இரவு அந்த 104இல் 91 பொரிந்தன. எங்கள் கட்டடத்திலிருந்து பத்தொன்பது பேர் வந்திருந்தோம், ஆமை புகுந்த வீடு என்று சொன்ன பெரியவரும் வந்தார். குஞ்சுகளைத் தண்ணீரில் கொண்டுபோய் விடுவதில்லை. கொஞ்சம் மேலேயே மணலில் விட்டு, அதுவாக நடக்க வேண்டும் என்றார்கள். ஃபோன் வெளிச்சம் வேண்டாம் என்றார்கள், ஒரு குழந்தைகூட அடிக்கவில்லை. அலையில் முழங்கால் நனைய ஒரு பையன் சின்ன டார்ச்சோடு நின்றான், அந்த ஒரே புள்ளியைப் பார்த்து எல்லாம் இறங்கின.

ஒன்பது குஞ்சுகள் மட்டும் வடக்கே திரும்பின. அந்தப் பக்கம் அடுத்த கட்டடத்தின் முகப்பில் நீல விளக்கு வரிசை எரிகிறது. இரவுநடை அவற்றைத் திருப்பித் திருப்பி விட்டார், மூன்று முறை. அந்தக் கட்டடத்துச் சங்கச் செயலாளரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்னோடு யாராவது வந்தால் நன்றாக இருக்கும்.

ஈசிஆர்_இரவுப்பணி | 31 மார்ச், காலை 9:10

நான் வருகிறேன். விளக்கை அணைத்தால் பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொன்னால் அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஃபைபர்போட்டு | 31 மார்ச், காலை 10:25

நானும் வருகிறேன். அந்தக் கட்டடத்துக்கு முன்னால்தான் எங்கள் போட்டு நிற்கிறது, இந்த சீசனில் அங்கே வெறும் தடம் மட்டும் ஆறு பார்த்தேன். தேதி குறித்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.